பிள்ளையார் கோயிலின் மூன்றாம் படி

சுபத்திரா ரீச்சரோடு ஒரே ஆசிரியர் அறையில் பதினாறு வருஷம் இருந்திருக்கிறேன். அத்தனை வருஷத்தில் அவர் ஒரு தேத்தண்ணீரைச் சூடாகக் குடித்து நான் கண்டதில்லை. கோப்பையை வாயருகே கொண்டுபோவார். வகுப்பறை யன்னலைச் சாத்தினேனா, பதிவேட்டில் கையெழுத்து வைத்தேனா என்று ஏதோ ஒன்று ஞாபகம் வரும். கோப்பையை வைத்துவிட்டு எழும்பிப் போய்விடுவார். ஆறிப்போன தேத்தண்ணீரை நான்தான் குடிப்பேன். சீனி போதாது என்று குறையும் சொல்லுவேன்.

நான் சுகந்தன், புவியியல் வாத்தி. அவர் உயர்தரக் கலைப்பிரிவுக்கு அளவையியலும் விஞ்ஞானமுறையும் படிப்பித்தார். முருங்கனில் பஸ் மாறிப் போகவேண்டிய ஒரு பள்ளிக்கூடம். பெயர் வேண்டாம், இந்தக் கதையால் அதற்குப் பெருமை ஒன்றும் வரப்போவதில்லை. தர்க்கம் சொல்லிக்கொடுக்கிற அந்தப் பாடத்தைப் பல இடங்களில் குறிப்புக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லி முடித்துவிடுவார்கள். இவருக்கு அது சரிப்பட்டு வராது. ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டு, வரலாற்றுக்காரர் இதை எப்படி விசாரிப்பார், விஞ்ஞானி எப்படி விசாரிப்பார், புவியியல்காரர் என்ன செய்வார் என்று பிள்ளைகளை ஊர் முழுக்க அலையவிடுவார்.

"ஒவ்வொரு பாடத்துக்கும் உண்மையைப் பிடிக்கிற வழி வேற பிள்ளையள். எந்த வழியால வந்தனீங்கள் எண்டு தெரியாமல் முடிவை மட்டும் தூக்கிக்கொண்டு வராதேங்கோ" என்பார்.

அவர் ஆலடிக் குடியேற்றத்துப் பிள்ளை. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலையகத்திலிருந்து துரத்தப்பட்டு வந்த குடும்பங்கள், வயல்காரர்களின் பழைய ஊருக்குக் கிழக்கே பற்றைக்காட்டை வெட்டிக் குடியேறிய இடம் அது. தாயின் இடுப்பில் இருந்தபடி அங்கே வந்தவருக்கு இப்போது ஐம்பது வயது நெருங்குகிறது. உத்தியோகம் கிடைத்து ஆசிரியர் விடுதிக்கு வந்துவிட்டாலும் அவருடைய சனம் அங்கேதான். சண்டைக்காலத்தில் ஓடி, மீள்குடியேற்றத்தில் திரும்பிவந்து, தகரக் கொட்டில்களில் இருந்தபடி கல்வீட்டுத் திட்டத்துக்குப் பதினைந்து வருஷமாகக் காத்திருந்த முப்பத்தொரு குடும்பங்கள்.

போன வருஷம் தன் வகுப்புக்கு அவர் கொடுத்த கேள்வி இதுதான்: அறுபத்திநாலாம் ஆண்டுப் புயலில், இன்றைக்கு ஆலடி இருக்கிற நிலத்தில் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நின்றது? அன்றைக்கு அங்கே ஒரு குடியும் இல்லை. கண்டவர் இல்லாத இடத்தைப் பற்றி எப்படி அறிவது? அதுதான் பயிற்சி.

வகுப்பில் ஐந்து பேர். அவர்களில் இரண்டு பேரைத் தெரிந்துகொண்டால் போதும். கீர்த்திகா ஆலடிப் பிள்ளை. பிரணவன் பழைய ஊர்க்காரன். முதலில் வரலாற்றின் வழியால் போனார்கள். பிரணவனின் அம்மப்பா தம்பு, புயலைப் பதின்மூன்று வயதில் கண்டவர். நேரே கண்டீர்களா, கேள்விப்பட்டதா, வேறு யார் கண்டது என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்டார்கள். தம்பு ஐயா அசையவில்லை.

"பிள்ளையார் கோயில் மூண்டாம் படி மட்டும் தண்ணி. நான் அந்தப் படியில இருந்து கால் நனைச்சனான்."

அதே வயதுக்காரி அன்னப்பிள்ளையிடம் தனியாகப் போய்க் கேட்டார்கள். அவரும் மூன்றாம் படி என்றார்.

அடுத்தது என் வழி. மேசன்மார் மட்டம் பார்க்கிற, தண்ணீர் நிரப்பிய நீண்ட குழாயை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். பழைய ஊரில் இருக்கும் அந்தக் கோயிலின் மூன்றாம் படியில் ஒரு நுனியை வைத்து, மற்ற நுனியைத் தடியில் கட்டி, கொஞ்சம் கொஞ்சமாக ஆலடி வரைக்கும் மட்டத்தைக் கொண்டுபோனார்கள். பிறகு விஞ்ஞானத்தின் வழி: இரண்டாவது குழு, முதல் குழுவின் கணக்கைப் பாராமல், இன்னொரு நாள் அதையே திரும்ப அளந்தது. இரண்டும் அரை அங்குலத்துக்குள் ஒத்துப்போயின. கடைசியில் அளவையியல்: இவை எல்லாம் உண்மையானால் என்ன முடிவு வரும்? முப்பத்தொரு வளவிலும் தண்ணீர் நின்றிருக்கிறது. மேட்டில் இருக்கும் வீட்டில் ஒரு அடி. பள்ளத்தில், கீர்த்திகாவின் வீட்டில், நாலு அடி.

அறிக்கை வலயக் கண்காட்சியில் முதலாம் பரிசு எடுத்தது. எல்லாரும் படம் எடுத்தார்கள். குழாயோடு நானும் நின்றேன், வெட்கமில்லாமல்.

புரட்டாதி மாதம், ஒரு திங்கட்கிழமை, கீர்த்திகாவின் தாய் ஜெயந்தினி வயல் வேலை உடுப்போடு ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றார்.

"என்னா அக்கா பண்ணி வச்சிருக்கீங்க? எங்க வீட்டுக்குள்ள நாலடி தண்ணி நிக்கும்னு எழுதிக் குடுத்தது நீங்கதானா?"

சுபத்திரா ரீச்சர் எழும்பினார். கதிரை பின்னால் விழுந்தது. நடந்தது இதுதான்: கல்வீட்டுத் திட்டத்துக்கு ஆலடியின் பெயர் வந்துவிட்டது. ஆனால் வெள்ளம் நிற்கிற தாழ்நிலமா என்று பார்த்துத்தான் அனுமதிக் கடிதம் கொடுப்பார்கள். பிரதேச செயலகக் கந்தோரில் யாரோ கண்காட்சி அறிக்கையைக் கோப்பில் சேர்த்துவிட்டார்கள். முப்பத்தொரு வீட்டையும் நிறுத்தி வைத்தாயிற்று. வெள்ளிக்கிழமை கோப்பு மேலே போகும். போனால் ஆலடி பட்டியலிலிருந்து வெட்டுப்படும்.

"பதினஞ்சு வருஷம் அக்கா" என்றார் ஜெயந்தினி. "பதினஞ்சு வருஷம் தகரத்துக்குள்ள வெந்துட்டு இருந்தோம்."

அடுத்த நாள் என் மோட்டார் சைக்கிளில் கந்தோருக்குப் போனோம். வழி முழுக்க ரீச்சர் என் சட்டையைப் பிடித்திருந்த பிடியில் தையல் விட்டுப்போனது. உத்தியோகத்தர் பார்த்தீபன் கெட்டவர் இல்லை. கோப்பைத் திறந்து, ரீச்சரின் கையெழுத்தை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"நான் என்ன செய்ய ரீச்சர்? உங்கட பிள்ளையள் அளந்திருக்கினம், நீங்கள் உறுதிப்படுத்தியிருக்கிறியள். இதைப் பாத்தும் நான் வீடு குடுத்தால், நாளைக்கு வெள்ளம் வந்தால் என்ர கழுத்துத்தான் போகும்." கொஞ்சம் யோசித்தார். "ஒண்டு செய்யலாம். இது பிள்ளையளின்ர பயிற்சி, நம்பக்கூடியதில்லை எண்டு ஒரு வரி எழுதித் தாங்கோ. நான் இதைக் கோப்பிலயிருந்து எடுத்துவிடுறன்."

எனக்கு மனுஷனைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. பேனாவை நானே எடுத்து ரீச்சரின் கையில் வைத்தேன். அவர் தாளைப் பார்த்தபடி இருந்தார்.

"நம்பக்கூடியதில்லை எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றார்.

"ரீச்சர், ஒரு வரி" என்றேன் நான், பல்லைக் கடித்துக்கொண்டு.

"அளந்தது சரியா இருந்தால்? வீட்டைக் கட்டி, பிள்ளையள் உள்ளுக்குப் படுத்திருக்க, தண்ணி வந்தால்?" பார்த்தீபனிடம் திரும்பினார். "வியாழன் மட்டும் பொறுக்கேலுமோ தம்பி? திரும்பப் பாத்திட்டுச் சொல்லுறன்."

வெளியே வந்ததும் நான் கத்திவிட்டேன். முப்பத்தொரு குடும்பத்தின் தலைவிதியை ஒரு வரியில் மாற்றக் கிடைத்ததைக் கைவிட்டுவிட்டு வருகிறீர்களே, உங்களுக்குப் பயம் வந்தால் ஊரே சாகவேண்டுமா என்று கேட்டேன். அவர் கந்தோர் மதிலைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். காலையிலிருந்து சாப்பிடாத வயிறு, வெறும் தண்ணீர்தான் வந்தது.

புதன்கிழமை வகுப்பு முழுவதும் கோயிலடியில் நின்றது. குழாயைத் திரும்பப் பிடித்தார்கள், அதே கணக்கு வந்தது. தம்பு ஐயாவைக் கூட்டிவந்து கேட்டார்கள், அதே மூன்றாம் படி. வீட்டில் தாய் கீர்த்திகாவோடு பேசுவதை நிறுத்தி இரண்டு நாள் என்று பிரணவன் எனக்குச் சொன்னான்.

ரீச்சர் படியில் குந்தினார். "நாங்கள் ஐயாவிட்ட வரலாற்றுக் கேள்வி கேட்கேல்லை" என்றார் திடீரென்று. "சாட்சியிட்ட நம்பர் கேட்டிட்டுப் போட்டம். எவ்வளவு உயரம், எத்தினையாம் படி. அது அளவுகோலிட்ட கேட்கிற கேள்வி. ஐயா, உயரத்தை விடுங்கோ. அண்டைக்கு இதில இருந்து என்னென்ன கண்டனீங்கள்? எல்லாத்தையும் சொல்லுங்கோ."

தம்பு ஐயாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. வேலி கிளம்பிப் போனதைச் சொன்னார். நெல்லுக் குதிர் மிதந்ததைச் சொன்னார். "அந்தா, அந்தக் கிணத்துக்கட்டில எங்கட நாய் ஏறி நிண்டு குளறினது. கட்டு ஒரு சாண்தான் வெளியில தெரிஞ்சது. விழுந்திடும் விழுந்திடும் எண்டு நான் இதில இருந்து அழுதனான். என்ர அப்பு நீந்திப்போய்த் தூக்கிக்கொண்டு வந்தவர்."

கீர்த்திகா கிணற்றைப் பார்த்தாள். கோயில் வீதியில் இருக்கும் பழைய கிணறு அது. சண்டையில் எறிகணை விழுந்து கோயில் இடிந்தபோதும் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் எழும்பிப் போய் கிணற்றுக்கட்டில் கையை வைத்துக்கொண்டு, அங்கிருந்தே மூன்றாம் படியைப் பார்த்தாள். படி அவளுடைய கைக்கு மேலே, உயரத்தில் இருந்தது.

"ஐயா, அந்தப் படிக்குத் தண்ணி வந்தால் இந்தக் கட்டையே தாண்டிருமே. நாய் எங்க நிக்கும்?"

"நாய் நிண்டது பிள்ளை. நான் என்ர கண்ணால கண்டனான்."

"படியும் நனைஞ்சதா?"

"படியும் நனைஞ்சது."

"ரெண்டும் ஒண்டா உண்மையா இருக்கேலாது ஐயா" என்றார் ரீச்சர்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. "ஐயா, திருப்பணி செய்யேக்க கோயில் நிலத்தை உயர்த்தினீங்களோ?"

"பின்ன? பழைய தளத்துக்குக் கீழ போகக்கூடாதெல்லோ. உயர்த்தித்தான் கட்டவேணும். வெளியில கிணத்தைத் தொடேல்லை. எத்தினை ட்ரக்டர் கிறவல் மண் கொட்டினனாங்கள்! நான்தான் சபைத் தலைவர்."

"முதலே ஏன் ஐயா சொல்லேல்லை?"

அவர் என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பது போலப் பார்த்தார். "நீங்கள் படியைத்தானே கேட்டனீங்கள். பழைய கோயிலுக்கும் அஞ்சு படி, இப்பவும் அஞ்சு படி. பிள்ளையார் இருந்த இடத்திலதான் இருக்கிறார். மூண்டாம் படி மூண்டாம் படிதான்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ஆனால் யாரிடம் கோபிப்பது? கும்பாபிஷேகத்துக்கு நானும் போனவன். அன்னதானத்தில் இரண்டு தரம் இருந்து சாப்பிட்டவன். நிலம் உயர்ந்ததை ஊரே கண்டது. ஆனால் சாமி இருக்கிற இடம் மாறிவிட்டது என்று ஒருவருக்கும் மனதில் படவில்லை, புவியியல் வாத்திக்கும்தான்.

பிள்ளைகள் உடனே கணக்கில் இறங்கினார்கள். மூன்றாம் படி கிணற்றுக்கட்டிலிருந்து இரண்டு அடி நாலு அங்குலம் மேலே. தண்ணீர் கட்டிலிருந்து ஒரு சாண், ஒன்பது அங்குலம், கீழே. ஆகவே அறிக்கையில் எழுதியதைவிடத் தண்ணீர் மூன்று அடி ஒரு அங்குலம் குறைவு. பிரணவன் ஒவ்வொரு வீடாகக் கழித்துக்கொண்டு வந்தான். தண்ணீர் இல்லை, தண்ணீர் இல்லை, தண்ணீர் இல்லை. இருபத்தைந்து வீடு வரைக்கும் அப்படியே போனது. வகுப்பின் இன்னொரு பிள்ளை நிவேதிகா கைதட்டத் தொடங்கிவிட்டாள். பிறகு பள்ளத்து வீடுகள் வந்தன. ஆறு வீட்டு நிலத்துக்குத் தண்ணீர் வந்திருக்கிறது. கடைசி வீடு கீர்த்திகாவுடையது. நாலு அடி, பதினொரு அங்குலமாகிவிட்டது.

"பதினொரு அங்குலமெல்லாம் ஒரு வெள்ளமே?" என்றேன் நான். "தூக்கிப் போடுங்கோ. அறிக்கை பிழை எண்டு மட்டும் எழுதுங்கோ. அதுவும் உண்மைதானே? முப்பத்தொண்டும் கிடைக்கும்."

ரீச்சர் என்னைப் பார்த்தார். அந்த ஆசை அவருக்கும் இருந்தது, அதை நான் முகத்தில் கண்டேன். அந்த ஆறு வீட்டிலும் இருப்பவர்கள் அவரைத் தோளில் தூக்கித் திரிந்தவர்கள், அல்லது அவர் தூக்கித் திரிந்தவர்கள். அவர் தாளை எடுத்தார், வைத்தார், திரும்ப எடுத்தார்.

"பதின்மூண்டு வயதுப் பிள்ளையின்ர ஞாபகத்தில இருந்த சாண் அது" என்றார். "நாலு விரல் கூடியும் இருக்கலாம், குறைஞ்சும் இருக்கலாம். அதையும் எழுதத்தானே வேணும்."

எழுதினார்கள். எந்தக் கூற்று யாருடையது, எங்கே பிழைத்தோம், எவ்வளவு உறுதி, எவ்வளவு உறுதியில்லை என்று எல்லாவற்றையும் எழுதினார்கள். ஆறு வீட்டின் பெயரும் எழுதவேண்டி வந்தபோது பேனா பிரணவனின் கையில் இருந்தது. அவன் எழுதாமல் இருந்தான். கீர்த்திகா பேனாவை வாங்கி, முதலாவதாகத் தன் தாயின் பெயரை எழுதினாள்.

"நீ கையெழுத்து வைக்கத் தேவையில்லை பிள்ளை" என்றார் ரீச்சர். "மற்ற நாலு பேரும் போதும்."

"அளந்தது நானும்தானே ரீச்சர்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்து வைத்தாள்.

வியாழக்கிழமை புதிய அறிக்கையைப் பார்த்தீபனிடம் கொடுத்தோம். அடுத்த வெள்ளிக்கிழமை இருபத்தைந்து வீட்டுக்கு அனுமதிக் கடிதம் கிடைத்தது. ஆறு வீட்டுக்கு, மாற்றுக் காணி பார்த்த பிறகு அறிவிக்கப்படும் என்றார்கள். அந்த மாற்றுக் காணியை இந்தக் கதையை எழுதுகிற வரைக்கும் யாரும் பார்க்கவில்லை.

ஆலடியில் இருபத்தைந்து இடத்தில் அத்திவாரம் வெட்டினார்கள். சுபத்திரா ரீச்சர் அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டார். ஜெயந்தினி தன்னைச் சந்தையில் கண்டால் வேறு பக்கம் திரும்பிப் போய்விடுவார் என்று சொன்னார். ஒரு மாதத்தில் ரீச்சர், சேலை இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிந்துபோனார். வானம் இருட்டினால் பாடத்தை நிறுத்திவிட்டு யன்னலடிக்குப் போவார். ஒரு நாள் முன்னே இருந்த தேத்தண்ணீரைக் காட்டி, குடியுங்கோ ரீச்சர் என்று கெஞ்சினேன். "எனக்கு அந்த ஆறு வீடும்தான் கண்ணுக்குள்ள நிக்குது சேர்" என்றார்.

கார்த்திகை தொடங்கி மூன்றாம் நாள், பெரிய மழை வருகிறது என்று வானொலியில் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தைப் பத்து மணிக்கே விட்டார்கள். என்னை ஆலடிக்குக் கொண்டுபோய் விடுங்கோ என்றார் ரீச்சர். போனோம். ஜெயந்தினி கொட்டில் வாசலில் விறகை அடுக்கிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டும் நிமிரவில்லை.

"ஜெயந்தினி, என்னை மன்னிச்சுக்கொள்" என்றார் ரீச்சர்.

"மன்னிப்ப வச்சு நான் என்னா பண்றது அக்கா? தண்ணி எங்க வரைக்கும் வரும்னு காட்டுங்க. சாமானத் தூக்கணும்."

ரீச்சர் கைப்பையிலிருந்து அடிமட்டத்தையும் வெண்கட்டியையும் எடுத்தார். நிலத்திலிருந்து பதினொரு அங்குலம் அளந்து, தகரச் சுவரில் நீளமாக ஒரு கோடு கீறினார். கோடு வளைந்து வளைந்து போனது. ஜெயந்தினி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வெண்கட்டியை வாங்கி, ஒரு முழம் மேலே இன்னொரு கோடு போட்டார்.

"மொதத் தடவையும் நல்லாத்தான் அளந்தீங்க" என்றார்.

"ஓம்" என்றார் ரீச்சர்.

மேல் கோட்டுக்கு மேலே எல்லாவற்றையும் ஏற்றினோம். அரிசி மூட்டை, தையல் மெசின், கீர்த்திகாவின் புத்தகப் பெட்டி, காணி அனுமதிப்பத்திரம் வைத்த தகரப் பெட்டி. மேசைக்கு மேல் கதிரை, கதிரைக்கு மேல் பெட்டி. தகரத்தில் முதல் துளிகள் விழத் தொடங்கின. ரீச்சருக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் நிறுத்தவில்லை.

"கையெழுத்து வைக்க வேண்டாம் எண்டு நான் சொன்னனான்" என்றார் அவர், பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தபடி. "அவள் கேக்கேல்லை."

"நானும் கேட்டேன், ஏன்டி உன் வீட்ட நீயே எழுதுனேன்னு" என்றார் ஜெயந்தினி, மற்றப் பக்கத்தைப் பிடித்தபடி. "எழுதாம விட்டா மட்டும் தண்ணி நம்ம வீட்ட விட்டுட்டுப் போயிருமாம்மானு கேக்குறா. அதுக்கு நான் என்னா பதில் சொல்றது அக்கா?"

சுபத்திரா ரீச்சர் பெட்டியை விடாமல் பிடித்துக்கொண்டே அழுதார். ஜெயந்தினியும் அழுதார். அந்தப் பெட்டியை ஏற்றி முடிக்க எங்களுக்கு நெடுநேரம் எடுத்தது.